இரவில் பிணங்கள், விடியலில் மனிதர்கள்

ரொமேரோவின் ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ (1968) குறித்து

திகில் படங்களைக் கலை விமர்சனத்தின் எல்லைக்கு வெளியே நிறுத்துவது கற்றோரிடையே நெடுநாள் வழக்கம். அப்படங்களில் பெரும்பாலானவை அந்தப் புறக்கணிப்புக்குத் தகுதியானவையே. எனினும், விளம்பரப் படங்கள் எடுத்துப் பிழைத்துவந்த பிட்ஸ்பர்க் நகரத்து இளைஞர் சிலர், ஏறத்தாழ 1,14,000 டாலர் செலவில், கறுப்பு வெள்ளையில் எடுத்து 1968 அக்டோபர் முதல் நாள் திரையிட்ட ஒரு படம் இந்தப் பொது விதிக்கு விலக்காக நிற்கிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1999இல் அதனைப் பாதுகாக்கத்தக்க தேசியத் திரைப்படங்களின் பட்டியலில் சேர்த்தது. ஜார்ஜ் ஏ. ரொமேரோ இயக்கிய ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ என்ற அப்படம், பிணங்கள் எழுந்து வந்து மனிதரைத் தின்னும் கதையைச் சொல்கிறது. ஆனால் அது எழுப்பும் கேள்வி வேறு: ஒருவரை மனிதர் என்று அடையாளம் காணும் பொறுப்பு யாருடையது? அப்பொறுப்பு கைவிடப்படும்போது என்ன நிகழ்கிறது?

இவ்வகைப் படங்களை இன்று உலகம் ‘ஸாம்பி’ படங்கள் என்றே அழைக்கிறது. ஆனால் இப்படத்தில் அச்சொல் ஓரிடத்திலும் ஒலிப்பதில்லை. எழுந்து நடமாடும் பிணங்களைச் செய்தி அறிவிப்பாளர் குறிக்கும் சொல் ‘கூல்’ என்பதாகும். அது நமக்கு அந்நியமான சொல்லன்று. பாலைவனத்தில் உருமாறித் தோன்றி, தனித்துச் செல்லும் வழிப்போக்கரைத் திசைதப்பச் செய்து அழிப்பதாக அறியாமைக் கால அரபிகள் நம்பிய ஒன்றுக்கு அவர்கள் இட்ட பெயர் அது. கூலுடன் பொருதியதாகத் தஅப்பத ஷர்ரன் என்னும் கவிஞர் பாடிவைத்தார். அந்நம்பிக்கையை மறுக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. கூல் என்பதே இல்லை என்று சிலரும், உருமாறி வழிகெடுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை என்று வேறு சிலரும் அதற்கு விளக்கம் கூறியுள்ளனர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அன்துவான் கலான் பிரெஞ்சில் வெளியிட்ட ‘ஆயிரத்தொரு இரவுகள்’ தொகுப்பிலுள்ள சீதி நுஃமான் கதையின் வழியே, கல்லறையைத் தோண்டிப் பிணம் தின்னும் பிறவியாக அது ஐரோப்பியரின் கற்பனையில் நிலைபெற்றது.

‘ஸாம்பி’ என்பதன் வரலாறு இன்னும் துயரமானது. அது ஹெயிட்டித் தீவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழன்ற ஆப்பிரிக்க மக்களின் நினைவிலிருந்து வந்தது. இறந்தபின்னும் எழுப்பப்பட்டு எசமானுக்காக உழைக்க நேரிடும் என்பதே அந்த அச்சத்தின் சாரம். மரணம்கூட விடுதலையாகாது என்பது அதன் பொருள். அமெரிக்கப் படைகள் ஹெயிட்டியை ஆக்கிரமித்திருந்த காலத்தில் (1915–1934) வெளிவந்த ‘வைட் ஸாம்பி’ (1932) என்ற படத்தில், கரும்பாலையில் செக்கிழுக்கும் நடைபிணங்களுக்கு ஒரு சூனியக்கார எசமான் இருக்கிறான். ரொமேரோ அந்த எசமானை நீக்கிவிட்டார். அவருடைய பிணங்களை ஏவுவார் யாருமில்லை. ஆகவே பழியை ஏற்றவும் வெளியில் எவருமில்லை. பார்வை தானாகவே உயிரோடிருப்போர் பக்கம் திரும்புகிறது.

படம் ஒரு கப்ர் ஸியாரத்தில் தொடங்குகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பார்பராவும் ஜானியும் தந்தையின் கல்லறையில் மலர்வளையம் வைக்க நெடுந்தொலைவு காரில் வருகின்றனர். அண்ணனுக்கு இது வீண் அலைச்சலாகப்படுகிறது. தந்தையின் முகமே நினைவில்லை என்கிறான். தங்கை பிரார்த்திப்பதையும் கேலி செய்கிறான். இறந்தோருக்கும் இருப்போருக்கும் இடையிலான கடமை, முதல் பிணம் தென்படும் முன்பே இற்றுப்போய்விட்டது. பின்னர் தொலைக்காட்சியில் தோன்றும் ஒரு மருத்துவர், இறுதிச் சடங்கு தரும் ஆறுதலைத் துறந்து, உடல்களை உடனே தெருவுக்கு இழுத்துவந்து எரித்துவிடும்படி அறிவுறுத்துகிறார். ஜனாஸாவை நீராட்டி, கஃபனிட்டு, தொழுது, அடக்கம் செய்வதைச் சமூகம் முழுவதன் மீதும் கடமையாக்கிய மார்க்கத்தைச் சேர்ந்த வாசகருக்கு இந்த அறிவுரையின் கனம் எளிதில் விளங்கும். மரித்தவருக்குரிய கண்ணியத்தை அவசரம் பறிக்கும்போது, உயிருள்ளவருக்குரிய கண்ணியமும் அதன் பின்னாலேயே பறிபோகிறது. படத்தின் முடிவு இதனைக் காட்டிவிடுகிறது.

ஒரு பண்ணை வீட்டில் எழுவர் அடைபடுகின்றனர். வீட்டு வாயில்களைப் பலகையடித்து அடைக்கும் பென் என்ற கறுப்பின இளைஞர், அதிர்ச்சியில் உறைந்துபோன பார்பரா, டாம் - ஜூடி என்ற இளம் இணையர், ஹாரி கூப்பர், அவர் மனைவி, கடிபட்ட அவர்களது மகள் ஆகியோர் அவர்கள். தரைத்தளத்தில் நின்று காப்பதா, நிலவறைக்குள் பதுங்குவதா என்பதே சச்சரவு. பென் துணிவும் அறிவும் உள்ளவர். ஹாரி அச்சமும் பிடிவாதமும் கொண்டவர். நம் பரிவு பென்னையே சார்கிறது. ஆனால் விடியும்வரை பென்னின் உயிரைக் காப்பது, மரணக் கண்ணி என்று அவரே மறுத்த அந்த நிலவறைதான். கதாநாயகனின் கருத்தை மெய்ப்பித்து நம்மை மகிழ்விக்க ரொமேரோ மறுத்துவிட்டார். உண்மையின் ஒரு துண்டு ஒவ்வொருவரிடமும் இருந்தது. அத்துண்டுகளை ஒன்றுசேர்க்கும் ஷூரா அங்கே இல்லை. வெளியே பேச்சற்ற பிணங்கள் ஒரே திசையில் நகர்கின்றன. உள்ளே பேச்சுடைய மனிதர் ஒரே துப்பாக்கிக்காக மல்லுக்கட்டுகின்றனர். அதில் ஹாரியைச் சுட்டவர் பென்னே. அவர்களை ஓரளவேனும் ஒன்றாக அமரவைப்பது தொலைக்காட்சி மட்டும்தான். முதலில் வீட்டிலேயே இருக்கச் சொன்ன அரசு, பின்பு மீட்பு நிலையங்களுக்கு வரச் சொல்கிறது. காரணம் என்ன என்பதில் இராணுவ அதிகாரியும் அறிவியலாளரும் செய்தியாளர் முன்னிலையிலேயே முரண்படுகின்றனர்.

பென் கறுப்பினத்தவர் என்பதைப் படத்தில் ஒருவரும் ஒரு சொல்லாலும் குறிப்பிடுவதில்லை. அப்பாத்திரம் கறுப்பினத்தவருக்கென எழுதப்படவும் இல்லை. தேர்வுக்கு வந்தவர்களில் டுவேன் ஜோன்ஸே சிறந்து நடித்தார் என்று ரொமேரோ பலமுறை கூறியுள்ளார். இதனைக் காட்டி, நிறவெறி பற்றிய விமர்சனம் பிற்காலத்தார் ஏற்றிய பொருள் என வாதிடுவோர் உண்டு. இவ்வாதம் பாதி உண்மை. பிரதி மௌனமாயிருந்தது மெய்யே; ஆனால் அந்த மௌனத்தைக் கேட்ட சமூகம் மௌனமாயிருக்கவில்லை. 1967 கோடையில் நியூவர்க்கும் டெட்ராய்ட்டும் எரிந்தன. முடிக்கப்பட்ட படச்சுருளுடன் நியூயார்க் நோக்கிக் காரில் சென்றுகொண்டிருந்தபோது, மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியை (1968 ஏப்ரல் 4) வானொலியில் கேட்டதாக ரொமேரோ நினைவுகூர்ந்திருக்கிறார். ஹாரியின் வெறுப்பு வெறும் தன்னலமா, நிறவெறியா என்று பிரித்தறிய முடியாத நிலையே அன்றைய அமெரிக்கப் பார்வையாளரின் நிலையுமாகும்.

பொழுது விடிகிறது. ஷெரிஃபின் தலைமையில் ஆயுதமேந்திய ஊரார் நாய்களுடன் வயல்வெளியைத் துப்புரவு செய்துகொண்டு வருகின்றனர். அவர்கள் கொடியவர்களல்லர், காப்பி குடித்துக்கொண்டு, கடமையைச் செய்யும் நிறைவோடு நடப்பவர்கள். அரவம் கேட்டு நிலவறையிலிருந்து மேலேறிவரும் பென், ஜன்னலருகே தென்படுகிறார். எவரும் குரல் கொடுத்துக் கேட்கவில்லை. நெற்றியைக் குறிபார்த்த ஒரே குண்டு அவரை வீழ்த்துகிறது. நெருப்புக்கு இன்னுமோர் உடல் என்ற அளவில் ஷெரிஃப் அதனைக் கணக்கிட்டு நகர்கிறார். இதன்பின் படத்தில் அசைவு நின்றுவிடுகிறது. செய்தித்தாள் படங்களைப் போன்ற சொரசொரப்பான நிழற்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன: இறைச்சிக் கொக்கிகள், அவற்றை ஏந்திய கைகள், பென்னின் முகம், விறகுக் குவியல். கும்பல் கொலைக்குள்ளான கறுப்பின மக்களின் உடல்களைப் படமெடுத்து அஞ்சலட்டைகளாக விற்ற ஒரு தேசத்தில், இப்படங்கள் எதனை நினைவூட்டும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. பார்பரா படம் முழுவதும் செயலற்றுக் கிடப்பது பெண்ணைப் பற்றிய அக்காலத்துச் சோம்பலான கற்பனை. ரொமேரோவே திரைக்கதை எழுத, டாம் சவீனி இயக்கிய 1990ஆம் ஆண்டு மறுவாக்கம் இதனை உணர்ந்து திருத்தியது. வெள்ளிக் கோளிலிருந்து திரும்பிய விண்கலத்தின் கதிர்வீச்சே காரணம் என்ற ஊகம் கதைக்கு எவ்வலுவும் சேர்க்கவில்லை. ஊன் தின்னும் காட்சிகள் சிறுவருக்கு ஏற்றவையல்ல. வயதுவாரித் தரச்சான்று முறை அமெரிக்காவில் 1968 நவம்பரில்தான் வந்ததால், பகற்காட்சியில் இதனைக் கண்டு அழுத குழந்தைகளைப் பற்றி விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 1969இல் எழுத நேர்ந்தது. பின்வந்த பலர் அக்குருதியை எடுத்துக்கொண்டு கேள்வியை விட்டுவிட்டனர். பேரங்காடியில் சுற்றித்திரியும் பிணங்களின் மூலம் நுகர்வு வெறியைச் சாடும் ரொமேரோவின் ‘டான் ஆஃப் த டெட்’ (1978) கூர்மையான படம்தான். ஆனால் அது தன் கருத்தைத் தானே சுட்டிக்காட்டுகிறது. முதற்படம் அவ்வாறு செய்வதில்லை.

இரவு முழுவதும் எதிரே வருவது மனிதரா பிணமா என்று அருகிருந்து பார்த்தே முடிவு செய்தவர் பென். நிலவறைக் கதவு திறந்து அந்நியர் வெளிவந்தபோதும் அவர் சுடவில்லை. விடியலில் வந்த சட்டத்தின் ஆட்களுக்கு அந்த ஒரு கேள்விக்கான நேரம் இருக்கவில்லை. தந்தையின் கல்லறையோடு தொடங்கிய படம், யாரும் பெயர் கேட்காத ஓர் உடல் எரிவதோடு முடிகிறது.