பொம்மை யார் கையில்?

கோடை விடுமுறைக்குப் பேரன் பேத்திகள் வந்து வளவு நிறைந்துவிட்டால், காரைக்குடி வீடுகளில் இப்போது நடப்பது ஒன்றுதான். ராத்திரிப் பலகாரம் முடிந்ததும் ஆளுக்கொரு தூணில் சாய்ந்துகொண்டு ஆளுக்கொரு கைபேசியைப் பார்க்கிறார்கள். எல்லாரும் சேர்ந்து ஒரு படம் பார்க்கலாம் என்று யாராவது ஆரம்பித்தால், தமிழில் குரல் மாற்றிய ஏதோ ஒரு பனி தேசத்து இளவரசி வந்துவிடுகிறாள். ‘பாதாள பைரவி’ போடுங்கள் என்று நான் சொன்னால் முகங்கள் வாடுகின்றன. “கறுப்பு வெள்ளையா? மூணு மணி நேரத்துக்கு மேலயா?” பத்து நிமிடம்கூடப் பார்க்காதவர்கள் இதைச் சொல்லும்போது எனக்கு எரிச்சல் பொங்குகிறது. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

அடிப்படைத் தகவல்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1951-ல் வந்த படம். விஜயா நிறுவனம் தமிழிலும் தெலுங்கிலும் எடுத்தது. இயக்கம் கே. வி. ரெட்டி, ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லே, இசை கண்டசாலா, தமிழ் வசனம் தஞ்சை ராமையாதாஸ். என். டி. ராமராவ், கே. மாலதி, எஸ். வி. ரங்காராவ் நடித்தார்கள். தயாரித்த நாகிரெட்டியும் சக்கரபாணியும் யார் தெரியுமா? நம் எல்லாரையும் வளர்த்த ‘அம்புலிமாமா’வை நடத்தியவர்கள்தான். உஜ்ஜயினியில் தோட்டக்கார வீட்டுப் பையன் ஒருவன் இளவரசி இந்துமதியை விரும்புகிறான். என் அளவுக்குச் செல்வம் சேர்த்துக்கொண்டு வா என்கிறார் ராஜா. அதே சமயம் நேபாள மந்திரவாதி ஒருவன், பாதாள பைரவிக்குப் பலியிட ஒரு வீர வாலிபனைத் தேடி அலைகிறான். பலி கொடுத்தால் கேட்டதைத் தரும் பொம்மை ஒன்று கிடைக்கும். இவ்வளவு தெரிந்தால் போதும், உட்காரலாம்.

மாயக்கதைப் படம் நம் ஊருக்குப் புதிதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். காரைக்குடிக்காரரான ஏவி. மெய்யப்பன், தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ போட்டு 1947-ல் ‘நாம் இருவர்’ கொடுத்தார். மறு வருஷமே ‘வேதாள உலகம்’ வந்தது. பம்மல் சம்பந்த முதலியார் நாடகம், டி. ஆர். மகாலிங்கம் நாயகன், லலிதா – பத்மினி நடனம். அதன்பிறகு ஏவி.எம். வடபழனிக்குப் போய்விட்டது. இந்த மண்ணில் வேதாளமே நடமாடியிருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஆனாலும் குடும்பத்தோடு பார்க்க ஒரே ஒரு படம் என்றால் ஊர்ப்பற்றை ஒதுக்கிவிட்டு ‘பாதாள பைரவி’ என்றுதான் சொல்வேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

மாயப் படங்களில் இரண்டு சாதி உண்டு. ஒன்றில் மாயம் ஆளிடம் இருக்கும். இன்னொன்றில் மாயம் பொருளிடம் இருக்கும். இந்த வித்தியாசம் பிடிபட்டால் மாயப் படங்களை ரசிப்பதில் பாதி வேலை முடிந்தது.

‘திருவிளையாடல்’ 1965-ல் வந்தது. அதில் சிவபெருமான் எதையும் செய்வார். அந்தச் சக்தியை யாரும் திருட முடியாது. பக்தியாக, பாட்டாக, வசனமாக அதை ரசிக்கிறோம். அடுத்து என்ன ஆகுமோ என்று வயிறு கலங்குவதில்லை. 1967-ல் வந்த ‘பட்டணத்தில் பூதம்’ எவ்வளவு இனிமையான படம்! ஆனால் ஜாவர் சீதாராமனின் பூதம் முதல் நாளே நல்லவர்கள் பக்கம் கட்சி சேர்ந்துவிடுகிறது. பூதம் நமக்குச் சிநேகிதன் என்று ஆனபின் பயம் எங்கே இருக்கும்? இன்றைக்கு வருகிற சாகச நாயகப் படங்களைக் கேட்கவே வேண்டாம். நாயகனின் ரத்தத்திலேயே சக்தி ஊறிக் கிடக்கிறது. கட்டடம் சரிகிறது, வானம் கிழிகிறது, நாற்காலியில் இருப்பவர் கொட்டாவி விடுகிறார். அதற்கு எத்தனை கோடி செலவானது என்று மறுநாள் பேசிக்கொள்கிறார்கள். படத்தைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லாதபோதுதான் செலவைப் பற்றிப் பேசுவார்கள்.

‘பாதாள பைரவி’யில் சக்தி ஒரு பொம்மையில் இருக்கிறது. கைக்குள் அடங்குகிற பொம்மை. அதை வைத்திருப்பவன் நல்லவனா கெட்டவனா என்று பைரவி பார்ப்பதில்லை. எடுத்தவன் கேட்கலாம், கேட்டது நடக்கும். தோட்டத்துப் பையன் கேட்டதும் ஒரே இரவில் அரண்மனை எழும்புகிறது. ராணியின் தம்பி அந்தப் பொம்மையைத் திருடி மந்திரவாதியிடம் கொடுக்கிறான். மந்திரவாதி கேட்டதும், அதே பைரவி அதே அரண்மனையை இளவரசியோடு சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு போகிறாள். அவள் முகத்தைக் கவனியுங்கள். இருவரிடமும் அவளுக்கு ஒரே முகம், ஒரே பணிவு. கோபமில்லை, தயக்கமில்லை. இதைவிடப் பயங்கரமான காட்சியை நான் எந்தப் பேய்ப் படத்திலும் பார்த்ததில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு இது உடனே புரிகிறது. “அந்தச் சாமி ஏன் கெட்டவனுக்குச் செய்யுது?” என்று கேட்கும். கேட்கட்டும், நீங்கள் பதில் சொல்லி மூடிவிடாதீர்கள்.

சரி, மந்திரவாதியின் தாடி எந்தச் சாதி? அவனுடைய வித்தை அந்தத் தாடியில் இருக்கிறது. உடம்பில் இருப்பதால் அது ஆளிடம் உள்ள மாயம்தானே என்று சிலர் வாதாடுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மழிக்க முடிகிற எதுவும் பொருள்தான். அதைப் பறிக்க வாள் தேவைப்படவில்லை என்பதுதான் படத்தின் பெரிய அழகு. இளவரசிக்குப் பிடிக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னதும், நாயகனின் தோழன் சீடன் வேஷத்தில் நிற்கிறான் என்றுகூடத் தெரியாமல், உலகத்தையே நடுங்க வைத்தவன் மழித்துக்கொள்ளச் சம்மதித்துவிடுகிறான். பொம்மையை இன்னொருவன் திருடினான். தாடியை அவனே கொடுக்கிறான். இந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்தத் தெரிந்த திரைக்கதை சாதாரணமானதா?

ரங்காராவைப் பற்றி ஒன்று. அந்தக் கிழட்டு மந்திரவாதியாக நடித்தபோது அவருக்கு வயது 32தான். சாய்த்த தலையையும் உருட்டும் கண்ணையும் இழுத்து நிறுத்திப் பேசும் பேச்சையும் வைத்துக்கொண்டு, பக்கத்தில் யார் நின்றாலும் நம் பார்வையைத் தன்மேல் பிடித்து வைத்துக்கொள்கிறார். அவர் வரும் காட்சியில் கைபேசியைப் பார்த்தவருக்கு நஷ்டம் பெரிது.

இன்னொன்று, நமக்குள் சொல்லிக்கொள்ள வேண்டியது. நம் பக்கத்து வீடுகளில் இந்தப் படத்துக்குத் தனி அர்த்தம் உண்டு என்று நான் நம்புகிறேன். ஒரு காலத்தில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறையக் கால்பங்கு நிலம் செட்டியார் பெட்டிகளின் கையில் இருந்தது. 1942-ல் ஜப்பான்காரன் வந்ததும் கணக்குப் புத்தகத்தோடு ஓடிவந்தவர்கள் எத்தனை பேர்! ‘பாதாள பைரவி’ வந்தது அதற்கு ஒன்பது வருஷம் கழித்து. பர்மாத் தேக்குத் தூண் நிற்கிற முற்றத்தில் இருந்துகொண்டு, ஓர் அரண்மனை ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போவதைப் பார்த்தவர்களுக்கு, அது பிள்ளைக்கதையாக மட்டும் இருந்திருக்காது. வீட்டுச் சாவிக்கொத்து ஆச்சியின் இடுப்பில் இருக்கும்வரை அவள் சொல்தான் சொல், மருமகள் இடுப்புக்கு மாறிய மறுநாள் அதே பெட்டகம் மருமகளுக்குத் திறக்கும். பைரவியின் பொம்மையும் அப்படித்தான். விமர்சகர்கள் யாரும் இதை எழுதி நான் பார்த்ததில்லை.

விமர்சகர்களா! “அலாவுதீன் கதையைச் சுட்டது” என்று ஒரே வரியில் கடந்துபோகிறவர்கள் ஒரு கூட்டம். அலாவுதீனின் சாயல் இருக்கிறது, தெலுங்குக் ‘காசி மஜிலி கதைகள்’ வேரும் இருக்கிறது. கதை எங்கிருந்து வந்தது என்று சொன்னவுடன் ரசித்துவிட்டதாக நினைப்பது மேம்போக்கு. “அந்தக் காலத்துக்கு நல்ல படம்” என்று தட்டிக்கொடுப்பவர்கள் இன்னொரு கூட்டம். இவர்களை என்னால் மன்னிக்கவே முடியாது. 1952-ல் நம் நாட்டில் நடந்த முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் இந்தப் படம் திரையிடப்பட்டது. டி சிகாவின் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ அதே விழாவில்தான் வந்தது. சைக்கிள் பறிகொடுத்தவன் கதையைப் பிடித்துக்கொண்ட நம் அறிவாளிகள், பொம்மை பறிகொடுத்தவன் கதையைப் பிள்ளைகளுக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த டி சிகாவே ‘மிராக்கிள் இன் மிலான்’ என்று ஒரு மாயக்கதைப் படம் எடுத்தவர். அதுவும் அந்த விழாவுக்கு வந்திருந்தது!

வண்ணம் பூசினால் பிள்ளைகள் பார்ப்பார்கள் என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தெலுங்கு ‘மாயா பஜார்’ 2010-ல் வண்ணமாகி வந்தது. பார்ட்லே நிழலால் செதுக்கிய இருட்டை எந்தச் சாயமும் தராது. காமிராவை நிறுத்தி, நடிகர்களை நின்றபடி நிற்க வைத்து, ஒரே பிலிமில் இரண்டு முறை படம் பிடித்து மாயம் செய்த காலம் அது. குகைக்குள் பைரவி தோன்றும் இடத்தில் வண்ணம் இருந்தால் அது வெறும் கோயில் அலங்காரமாகப் போயிருக்கும்.

எப்படிப் பார்ப்பது? வீட்டில் இருக்கிற பெரிய திரையில் பாருங்கள். கைபேசியில் பார்ப்பதற்குப் பார்க்காமலே இருக்கலாம். முற்றத்து விளக்கை அணையுங்கள். சீப்புச் சீடை, மாவுருண்டை எல்லாம் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள், நடுவில் ஆயாவை எழுப்பாதீர்கள். பாட்டை ஓட்டிவிடாதீர்கள். முதல் அரை மணி மெதுவாகத்தான் போகும்; மந்திரவாதி வந்தபின் எவரும் எழுந்திருக்க மாட்டார்கள். “இது எப்படி எடுத்திருப்பாங்க தெரியுமா” என்று படம் ஓடும்போது விளக்கம் கொடுக்கும் மாமா எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவரை முகப்புக்கு அனுப்பிவிடுங்கள். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பழைய வசனம் புரியாதே என்று கவலை வேண்டாம். பொம்மை யார் கையில் இருக்கிறது என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள், மீதியை அவர்களே பிடித்துக்கொள்வார்கள்.

ஒரே மூச்சில் மூன்று மணி நேரத்துக்கு மேல் முடியாது என்றால் இரண்டு ராத்திரியாகப் பிரிக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் கலியாணக் களையோடு நிறுத்திவிடாதீர்கள். அரண்மனை மறைந்த இடத்தில் நிறுத்துங்கள். பிள்ளைகள் கத்துவார்கள், கெஞ்சுவார்கள். இளகிவிடாதீர்கள், மறுநாள் ராத்திரி எட்டு மணிக்கு அவர்களே வந்து உங்களைக் கூப்பிடுவார்கள்.