ஆயத்தத்தை அளக்கும் கோல்

அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களில் மின்னணுக் குறிப்பேடு போன்ற புதுமை ஒன்றைப் புகுத்துமுன், அதனை ஏற்க அந்த ஸ்தாபனம் ஆயத்தமாக உள்ளதா என்று வினாத்தாளால் பரீட்சிக்கும் முறை ஆய்வாளரிடையே ஆதரவு பெற்றிருக்கிறது. இதற்குத் தத்துவ ஆதாரம் அளித்தோருள் முக்கியமானவர் பிரையன் வைனர். ஆயத்தம் என்பது தனி மனிதரின் குணமன்று, ஊழியர் அனைவரும் கூடிக் கொள்ளும் மனநிலை என்று 2009-இல் வகுத்த அவர், மாற்றத்தைச் செய்தே தீர்வோம் என்ற சங்கற்பத்தையும், செய்ய நம்மால் இயலும் என்ற நம்பிக்கையையும் அதன் இரு கூறுகளாகக் கண்டார். 2014-இல் வெளிவந்த 12 வாக்கிய வினாத்தாள் அவ்விரண்டையும் தனித்தனியே அளக்கிறது.

இப்பகுப்பு பெரும் பிரயோஜனம் உடையது. ஊழியர் தயங்கும்போதெல்லாம் அவர்களுடைய பழமைப்பற்றையே காரணமாகக் காட்டும் நிர்வாகிக்கு, சங்கற்பம் மிகுந்தும் நம்பிக்கை குன்றியும் வரும் விடைகள், குறைவுபட்டது விருப்பம் அன்று, நேரமும் பயிற்சியும் ஆட்களுமே என்று உணர்த்திவிடும். மருத்துவமனைகளுக்கும் மருத்துவர்களுக்கும் மின்னணுக் குறிப்பேட்டுக்கென ஊக்கத்தொகை வழங்கிய 2009-ஆம் ஆண்டுச் சட்டம் பராமரிப்பு இல்லங்களை அத்தொகைக்கு உரியனவாகக் கொள்ளவில்லை. அங்ஙனம் ஒதுக்கப்பட்டோரிடம் உற்சாகம் போதாது என்று நோவதில் என்ன நியாயம் இருக்கிறது?

ஆயினும் கூட்டு மனநிலையை அளக்க வேண்டுமாயின் முதலில் அக்கூட்டம் நிலைத்திருக்க வேண்டும். 2017, 2018-ஆம் ஆண்டுகளின் ஊதியப் பதிவுகளைக் கொண்டு 2021-இல் வெளியான ஆய்வொன்று, அமெரிக்க இல்லங்களில் செவிலிப் பணியாளர் விலகும் வருடாந்தர வீதம் சராசரியாக ஏறக்குறைய 128 சதவீதம் என்று கண்டது. சில பணியிடங்களில் ஓராண்டுக்குள்ளேயே ஒருவர் பின் ஒருவராகப் பலர் வந்து போனார்கள் என்பது இதன் பொருள். தை மாதத்தில் விடையெழுதிய கைகள் ஆவணியில் கருவி வந்திறங்கும்போது அங்கே இரா என்றால், அம்மதிப்பெண் யாருடைய ஆயத்தம்? அளவுகோலின் இந்தக் குறையையே நான் யாவற்றினும் பெரிதாக எண்ணுகிறேன்.

சராசரி எடுப்பதிலும் ஓர் அபாயம் உண்டு. ஊழியரிடையே கருத்தொற்றுமை உளதா என்று ஆராய்ந்த பின்னரே விடைகளைத் திரட்ட வேண்டும் என்பது வைனரின் கோட்பாட்டிலேயே அடங்கிய நிபந்தனை. அதைக் கைவிட்டால், முதியவரைத் தூக்கிக் குளிப்பாட்டி உணவூட்டும் உதவிப் பணியாளரின் ஐயம், நிர்வாகியின் உற்சாகத்தில் கரைந்து மறைந்துவிடும். தம் பெயர் வெளிப்படுமோ என்று அஞ்சுவோர் உண்மையை எழுதவும் துணியமாட்டார்கள்.

ஆதலின் இவ்வளவுகோலை எறிந்துவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம் அன்று. ஒருமுறை அளந்து ஓயாமல், ஆட்கள் மாறுந்தோறும் மீண்டும் அளந்து, பதவிவாரியாகப் பிரித்து, ஊழியர் விலகும் வீதத்தையும் அதே பக்கத்தில் பொறிப்பார்களாயின் அதனை நம்பலாம். அத்தகைய அறிக்கை என்னிடம் வருமாயின், இரவுப்பணி பார்ப்போருக்கும் அந்த வினாத்தாள் தரப்பட்டதா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.