தக்காளி நிமிஷங்கள்

பிரான்செஸ்கோ சிரில்லோவின் 'பொமோடோரோ டெக்னிக்' படித்தேன். 1980-களின் கடைசியில் இத்தாலியில் காலேஜ் மாணவர். பாடத்தில் மனசு நிற்காமல், தக்காளி வடிவ சமையலறை டைமரை முடுக்கிவைத்துப் படித்திருக்கிறார். பொமோடோரோ என்றால் தக்காளி. 25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ஓய்வு, நாலு முறை ஆனதும் கொஞ்சம் நீண்ட ஓய்வு. விஷயம் இவ்வளவுதான். இதற்கு ஒரு முழுப் புத்தகமா என்றால், ஜவ்வுதான்.

ஆனால் பலரும் கவனிக்காத ஒரு சமாச்சாரம் அதில் உண்டு. வேலை நடுவே நமக்கே எழுந்துபோகத் தோன்றினால் தாளில் ஒரு ஒற்றை மேற்கோள் குறி. மற்றவர் குறுக்கிட்டால் ஒரு சின்னக் கோடு. சாயங்காலம் எண்ணிப் பாருங்கள். நான் எண்ணினேன். கோடு 3, மேற்கோள் குறி 11. ஆசாமி யாரென்று தெரிந்துவிட்டது!

இடிப்பது ஒன்று. குறுக்கிடுகிறவரிடம் 'அப்புறம் பேசலாமே' என்று நயமாகச் சொல்லி அனுப்பணுமாம். மளிகைக் கடை கல்லாவில் இருப்பவர் யாரிடம் சொல்வார்? கைக்குழந்தையை வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கிற பெண்? புத்தகம் தனி மேஜைக்காரர்களுக்கானது. மற்றவர்கள் அந்தக் கோடு, குறியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

மணி அடித்தால் 'இன்னும் ரெண்டு வரி' கூடாது என்கிறார். இந்தக் கடைசிப் பாராவே அப்படித் திருடியதுதான்.