எல்லைப் பகுதி மொழி ஆய்வுகளில் தகவலாளரைக் குழுவாரியாகப் பிரித்தல்

மொழிக் கள ஆய்வில் திரட்டிய விடைகளைத் தகவலாளரின் குழு நோக்கிப் பிரித்தெடுப்பது வெறும் அட்டவணைப் பணியாகவே கருதப்பட்டு வருகிறது. சாதி, தொழில், குடியிருப்பு என்பவற்றுள் ஒன்றைக் கொண்டு சிலரை நிறுத்திப் பிறரை விலக்குவது, விடைகளைப் படிக்கும் முன்னரே செய்யப்படும் ஒரு முடிவாகும். கேரளத்தின் இடுக்கி, பாலக்காடு எல்லைப் பகுதிகள் இதற்குத் தக்க சான்று தருகின்றன.

1951 கணக்கெடுப்பின்படி தேவிகுளம் வட்டத்தில் தமிழ் பேசுவோரே பெரும்பான்மையினர். எனினும் பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையம், அவர்களுட் பலர் வந்துபோகும் தோட்டத் தொழிலாளர் என்று கருதி, 1955-இல் தேவிகுளமும் பீருமேடும் கேரளத்திலேயே இருக்கப் பரிந்துரைத்தது. பொருளாதாரக் காரணங்களும் கூறப்பட்டன என்பது உண்மையே. ஆயின் மொழி பற்றிய விடை, குடியிருப்பு பற்றிய மற்றொரு வினாவால் வடிகட்டப்பட்டது என்பதே இங்குக் கருதற்குரியது. மூணாற்று மலைகளில் தோட்டத்தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிற்று. லயங்களில் பிறந்து வளர்ந்தோரையும் அவ்வாண்டு வந்திறங்கியோரையும் ‘தொழிலாளர்’ என்னும் ஒரே தலைப்பு வேறுபடுத்தாது.

பாலக்காட்டில் பெயரே வடிகட்டியாகிறது. ‘பாலக்காட்டுத் தமிழ்’ என்றதும் அக்கிரகாரப் பிராமணர் பேச்சே நினைவுக்கு வருகிறது; சித்தூர் வட்டத்தின் கீழ்ப்பகுதியில் கொங்கு வழக்குப் பேசுவோர் அப்பெயருள் அடங்குவதில்லை. தமிழ் வினைமுற்று பால், எண், இடம் காட்டும் விகுதியை ஏற்கும். இன்றைய மலையாள வினைமுற்று ஏற்பதில்லை. எல்லைத் தமிழரிடையே இவ்விகுதி நெகிழ்கின்றதா என ஆராய்பவர் பிராமணர் விடைகளை மட்டும் பிரித்தெடுப்பாராயின், காணும் நெகிழ்ச்சி எதனையும் சாதி வழக்கு என்றே எழுத நேரும். அவ்விடைகளோடு பிறர் விடைகளையும் சேர்த்துப் பயிற்றுமொழி நோக்கிப் பிரிப்பின், மலையாளவழிக் கல்வி பெற்ற ஏனையோரிடமும் அது உளதா என அறியலாம். முதற்பிரிப்பில் இவ்வினா எழவே எழாது.

கணக்கெடுப்பின் மொழிப்பட்டியல் வேறொரு நிலையைக் காட்டுகிறது. 1961-இல் 1652 தாய்மொழிப் பெயர்கள் பட்டியலிடப்பட்டன. 1971 முதல் பத்தாயிரம் பேருக்குக் குறைந்தவை பெயரிழந்து ‘பிற’ என்பதனுள் மறைந்தன. அட்டப்பாடியிலும் பேசப்படும் இருளர் மொழியைக் கமில் சுவலபில் தனிமொழியாகவே ஆராய்ந்தார். 2011 பட்டியல் அதனைத் தமிழின்கீழ் வைத்துள்ளது. இது விவாதத்திற்குரியது. எனினும் அதன் பெயரும் எண்ணிக்கையும் அங்கே தனியே நிற்பதால், உடன்படாதவர் அதனைப் பிரித்துக் கூட்டிக்கொள்ள இயலும். ‘பிற’ என்பதனுள் சென்ற சிறுமொழிக்கு அவ்வாய்ப்பு இல்லை. பிரிப்பின் தரத்தை அளக்க இதனினும் நல்ல அளவுகோல் காண்பது அரிது.

1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளென அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழரும் கன்னடரும் உள்ளூர் அலுவலகங்களுடன் தம் மொழியில் எழுத்துத்தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. எத்தனை பேர் எம்மொழியினர் என்னும் கணக்கு அங்கே உரிமையைத் தொடுகிறது. ஆதலின் எல்லைப் பகுதி ஆய்வறிக்கை, விலக்கப்பட்டோர் எத்தனை பேர், எக்குழுவினர், அக்குழுப்பெயர் அவர்களே கூறியதா ஆய்வாளர் இட்டதா என்பனவற்றை விடைகளோடு சேர்த்தே வெளியிடுதல் வேண்டும்.