‘ஓ’வுக்கு ஓடம், எங்களுக்கு போட்டு

அரிச்சுவடியையும் ஒரு பிரதியாக எடுத்து விமர்சிக்கணும் என்று எனக்கு ரொம்ப நாளாக எண்ணம். நாவலுக்கும் கவிதைக்கும் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். நம்ம பிள்ளைகள் முதன்முதலாகப் படிக்கிற பிரதியை யாரும் தொடுவதில்லை. கடைகளில் தொங்குகிற ‘அ - அம்மா, ஆ - ஆடு’ அட்டையைத்தான் சொல்கிறேன்.

எண்ணூர்ப் பக்கம் சாயங்காலங்களில் கொஞ்சம் பிள்ளைகளுக்குப் படிப்பு சொல்லித் தருகிறேன். ‘ஓ’ படத்தைக் காட்டினால் ஆறு வயசுப் பெண் ஒருத்தி ‘போட்டு’ என்கிறாள். பக்கத்துப் பையன் ‘ஃபைபரு’ என்கிறான். படத்தைப் பொறுத்தவரை ரெண்டு பேருமே சரி. பள்ளிக்கூடத்தில் தப்பு, ஓடம் என்று சொல்லணும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கரையோரம் நடந்து பாருங்கள். கட்டுமரம் இருக்கும், ஃபைபர் போட்டு இருக்கும், லாஞ்சு இருக்கும். ஓடம் இருக்காது. ‘உ’வுக்கு உரல், ‘ஐ’க்கு ஐவர், ‘ஔ’வுக்கு வேறு கதியில்லாமல் ஔவையார். எஃகு ஒன்றுதான் இந்தத் தொழிற்சாலைப் பேட்டைக்குச் சொந்தமானது. அதையும் இங்கே ஸ்டீல் என்றால்தான் புரியும்.

இதைச் சில்லறை விஷயம் என்று தள்ளிவிட முடியாது. அந்த அட்டை எழுத்தைச் சோதிக்கவில்லை. புத்தகத் தமிழ் புழங்குகிற வீட்டில் பிறந்தாயா என்று சோதிக்கிறது. ‘ஓ’ மனசில் பதிவதற்கு முன்னால், தன் வீட்டுப் பேச்சு தப்பு என்பது பதிந்துபோகிறது. முதல் பாடத்துக்குள் இருக்கிற அரசியலை அயோத்திதாசர் அன்றைக்கே பிடித்துவிட்டார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கியவர், ஆத்திசூடியை ‘ஆத்திச்சுவடி’ என்று பௌத்த மரபில் வைத்து வாசித்தார். அவர் முடிவை ஏற்கிறோமோ இல்லையோ, குழந்தையின் கையில் கொடுக்கிற ஏட்டை யார் ஏடு என்று கேட்டாரே, அந்தக் கேள்வி பெரிசு.

மாற்று முயற்சிகளே நடக்கவில்லை என்று சொன்னால் பொய். 2003இல் எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. 2007-08இல் மாநிலம் முழுக்கப் போனது. அட்டைகள், ஏணிப்படிகள், பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற உயரத்தில் கரும்பலகை. ஆசிரியர் தரையில் இறங்கி, சேரிப் பிள்ளையின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். எத்தனை குறை சொன்னாலும் இதைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது. ஆனால் ஏணியில் அவரவர் வேகத்தில் ஏறலாம் என்றார்களே தவிர, ஏணி யார் வீட்டுச் சுவரில் சாத்தியிருக்கிறது என்று கேட்கவில்லை. 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது. பெயர் அழகுதான்.

நியூசிலாந்தில் சில்வியா ஆஷ்டன்-வார்னர் என்ற வெள்ளைக்கார டீச்சர், மாவோரிக் குழந்தைகளிடம் ‘உனக்கு என்ன சொல் வேணும்?’ என்று கேட்டு, கேட்ட சொல்லையே அட்டையில் எழுதிக் கொடுத்தார். 1963இல் வந்த ‘டீச்சர்’ என்ற புத்தகத்தில் இதையெல்லாம் எழுதியிருக்கிறார். நானும் கேட்டுப் பார்த்தேன். பையன்கள் போலீசு, பைப்பு, எறா என்றார்கள். அந்தப் பெண் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “சாம்பலு” என்றாள். அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலக்கிற ஊர் இது.

‘போட்டு’, ‘எறா’ என்று நான் எழுதிப்போட்டதைப் பார்த்துவிட்டு அவளுடைய அம்மா சண்டைக்கு வந்துவிட்டார். “எங்க பாஷைய எங்களுக்கே இன்னாத்துக்கு சொல்லிக் குடுக்கறே? ஆபீசுல பேசறாங்களே, அத்த சொல்லிக் குடு.”

இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. அந்தம்மா சொல்வது நியாயம். ரேஷன் ஆபீசில் மனு எழுதுகிறபோது ‘எறா’ உதவாது. பேச்சுமொழியைக் கொண்டாடிக்கொண்டு நம்ம பிள்ளைகளை அங்கேயே நிறுத்திவைத்துவிட்டு, தான் மட்டும் நல்ல தமிழில் கட்டுரை எழுதுகிற அறிவுஜீவிகளில் நானும் ஒருத்தியாகிவிடக் கூடாது. அதற்காக, ஓடத்தோடு தொடங்கினால்தான் ஆபீசுக்குப் போக முடியும் என்பதையும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இப்போது பலகையில் ரெண்டையும் எழுதுகிறேன். முதலில் அவர்கள் சொல், பக்கத்தில் புத்தகச் சொல்.

ட, ப, ம என்று சுலபமான வடிவத்தில் தொடங்குகிற முறையில் அந்தப் பெண்ணுக்கு ப, ம தெரியும். ச, ல, கால், புள்ளி நாலும் புதுசு. மூன்று சாயங்காலம் ஆச்சு. ‘ம்’ புள்ளியை மறந்து ‘சாமபல்’ என்று எழுதினாள். படிக்கச் சொன்னேன். படித்துப் பார்த்து, “மிஸ், இது எங்க சாம்பலு இல்ல” என்று அவளே புள்ளியை வைத்தாள்.