'நாங்கள்' என்றால் யார் யார்?

இப்போது வருகிற தமிழ்ப் பயணக் கட்டுரைகளில் நண்பர் என்று ஒருவர் கட்டாயம் இருப்பார். முதல் பத்தியில் அவர் பெயர் வரும். டிக்கெட் எடுப்பது, பையைப் பார்த்துக்கொள்வது, படம் பிடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மலை ஏறத் தொடங்கியதும் ஆளைக் காணோம். அதற்குப் பிறகு மழையில் நனைவது, பச்சையைப் பார்த்து மௌனமாவது, வாழ்க்கையைப் பற்றி என்னவோ புரிந்துகொள்வது எல்லாமே 'நான்'. கடைசியில் விமான நிலையத்தில் நண்பர் மறுபடி தலைகாட்டுவார், பாவம், பசியோடு.

இதை முதலில் கவனித்துச் சொன்னது என் தோழி. போன ஜூலையில் இருவரும் முதுகில் ஆளுக்கொரு பையோடு குடகுக்குப் போய் வந்தோம். வந்த பிறகு காத்தோங்கில் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்து, சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி, காவேரி'யை மாற்றி மாற்றி வாசித்தோம். "இதுல ரெண்டு பேருமே காணாமப் போகல, கவனிச்சியா?" என்றாள்.

1971இல் வந்த புத்தகம். சிட்டி மணிக்கொடிக் காலத்து எழுத்தாளர், ஜானகிராமனைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். இருவரும் அகில இந்திய வானொலியில் வேலை பார்த்தவர்கள். தலைக்காவேரி தொடங்கிப் பூம்புகார்வரை ஆற்றோடு போகிறார்கள். தலைப்பு சிலப்பதிகாரத்துக் கானல்வரியிலிருந்து எடுத்தது. நடப்பது காவேரி மட்டும்தான், இவர்கள் போனது காரில். முதுகுப்பைக் கூட்டத்துக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம்.

அட்டையில் இரண்டு பெயர். ஆகவே உள்ளே 'நாங்கள்'. ஆங்கிலத்துக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. 'நாம்' என்றால் வாசிக்கிறவரும் உள்ளே. 'நாங்கள்' என்றால் அவர் வெளியே. அதெல்லாம் சரி, 'நாங்கள் பார்த்தோம்' என்று வரும்போது பார்த்தது யாருடைய கண்? இதை வைத்து நாங்கள் இருவரும் ஒரு விளையாட்டே ஆடினோம். வரலாறு வந்தால் அவள் "சிட்டி" என்பாள். வழியில் யாராவது வாயைத் திறந்து பேசினால் நான் "தி.ஜா." என்பேன். 'மோகமுள்' எழுதின காது அல்லவா? சரியான விடை எங்கேயும் இல்லாததால் விளையாட்டு முடியவே இல்லை. காப்பி இரண்டு சுற்று ஆனது.

ஆனால் அந்த 'நாங்கள்' இரண்டு பேரோடு நிற்கவில்லை என்பது என் வாசிப்பு. ஜானகிராமன் தஞ்சாவூர்க்காரர். குடகில் பெய்கிற மழை கிருஷ்ணராஜ சாகரைத் தாண்டி மேட்டூருக்கு வந்து, ஜூன் 12இல் மதகைத் திறக்க முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிக்கிற மழை. திறந்தால் குறுவை. திறக்காவிட்டால் டெல்டாவில் எத்தனையோ வீடுகளில் அந்த வருஷம் கணக்கு இடிக்கும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவர் பாகமண்டலாவில் மழையைப் பார்ப்பதும், காத்தோங்கில் வளர்ந்த நான் பார்ப்பதும் ஒன்றாக முடியுமா? இங்கே கொட்டுகிற மழை அரை மணியில் கால்வாய்க்குள் போய்விடும், பிறகு சாலையே காய்ந்துவிடும். எனக்கு மழை என்றால் குடை, இல்லாவிட்டால் அழகு. காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியும் எனக்குப் படம்.

ஆக, இந்தப் புத்தகத்தின் 'நாங்கள்' ஆற்றங்கரை ஜனங்கள். தமிழில்தான் வாசிக்கிறேன், இருந்தும் அது என்னை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறது. சொல்லப்போனா எனக்கு அது பிடித்திருக்கிறது. "வாருங்கள், நாம் போகலாம்" என்று எடுத்த எடுப்பில் தோளில் கை போடும் பயண எழுத்தைவிட இது மரியாதையானது.

குறை இல்லாமல் இல்லை. இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட புத்தகத்தில் ஒருவர் மற்றவரைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்? எவ்வளவு நெருக்கமானவர்களாக இருந்தாலும், மழையில் நாலு நாள் ஒன்றாகச் சுற்றினால் எரிச்சல் வரும், ஈரத் துணி நாறும், ஒருத்தருக்குப் போக ஆசை வரும் இடத்தில் இன்னொருத்தருக்குத் தூக்கம் வரும். 'நாங்கள்' இதையெல்லாம் மழுப்பிவிடும்.

இங்கேதான் ஜப்பானியக் கவிஞர் பாஷோவும் அவர் வழித்துணை சோராவும் ஞாபகம் வருகிறார்கள். 1689இல் இருவரும் நடந்து ஜப்பானின் வடக்கே போனார்கள். மழைக்காலமும் வழியில் வந்து சேர்ந்துகொண்டது. பாஷோ அந்தப் பயணத்தை வருஷக்கணக்கில் இழைத்து எழுதினார். அவர் இறந்த பிறகு 1702இல் அச்சானது. சோராவும் ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தார்: தேதி, வானிலை, தங்கின இடம். அது அச்சில் வந்தது 1943இல். அப்போதுதான் தெரிந்தது, பல இடங்களில் பாஷோ நடந்ததை மாற்றியிருக்கிறார் என்று. இச்சிபுரி என்ற ஊரில் இரண்டு கணிகையர் பக்கத்து அறையில் தங்கினதாக ஒரு காட்சி வருகிறது. அதைச் சோராவிடம் சொன்னேன், அவர் எழுதிவைத்துக்கொண்டார் என்கிறார் பாஷோ. சோராவின் குறிப்பில் அப்படி எதுவுமே கிடையாது!

பாஷோ பொய்யர் என்று நான் சொல்ல வரவில்லை, அந்தக் காட்சி அழகானது. ஆனால் கூட வந்தவரின் ஒரு நோட்டு இல்லாவிட்டால் அது புனைவு என்றே நமக்குத் தெரிந்திருக்காது. காத்தோங்கிலேயே பாருங்கள், ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டில் கடல் கிடையாது. 1966இல் தொடங்கி மண் கொட்டிக் கொட்டிக் கடலைத் தள்ளிவிட்டார்கள். அலை இங்கேதான் அடித்தது என்று ஒரு பாட்டி சொன்னால், ஆமாம் என்றோ, இல்லை கொஞ்சம் அந்தப் பக்கம் என்றோ சொல்ல இன்னொரு பாட்டி வேண்டியிருக்கிறது.

தமிழில் பழைய வழி வேறாக இருந்தது. 'மலைபடுகடாம்' போய் வந்தவன் போகப் போகிறவனிடம் பேசுவது. எங்கே வழுக்கும், எங்கே பாம்பு, எங்கே காவல்காரன் கவண்கல் எறிவான் என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே போகிறது. கேட்பதற்கு ஓர் ஆள் எதிரில் நிற்கிறான் என்பதை அந்தப் பாட்டு மறப்பதில்லை. நம் இன்றைய கட்டுரைகளில் எதிரிலும் ஆள் இல்லை, பக்கத்திலும் இல்லை. ஈர மலையும் எழுதுகிறவரின் மனசும் மட்டும். அதில் ஒருவர் எதை வேண்டுமானாலும் உணர்ந்ததாக எழுதலாம், மறுத்துப் பேச யாரும் இல்லை. ஆளில்லாத நேர்த்தி அது. எனக்கு அலுத்துவிட்டது.

குடகில் என் தோழியும் ஒரு நோட்டு வைத்திருந்தாள். பஸ் நேரம், டீ விலை, யார் காலில் எத்தனை அட்டைப் பூச்சி கடித்தது என்ற கணக்கு (எனக்கு ஏழு, அவளுக்கு மூன்று). தலைக்காவேரி நாளில் ஒரே வரி: "படியில் உட்கார்ந்து அழுதாள், காரணம் கேக்கல." அதை என் பயணக் கட்டுரையில் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். சேர்த்துக்கோ, ஆனா அட்டைக் கணக்கையும் போடணும் என்றாள்.