இதயத்துக்குள் போன அப்பா

உங்கள் வீட்டு பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு அடியில் ஒரு கல்யாண சிடி இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதைத் தேடி எடுங்கள். போட்டுப் பார்க்க ப்ளேயர் இல்லை என்பீர்கள். தெருவில் யாராவது ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கும், கேளுங்கள். பார்க்கும்போது கையில் பேப்பரும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் நான் அப்படித்தான் பார்த்தேன். அக்கா கல்யாணம், 2003, பாண்டிச்சேரி. மூன்று சிடி. முதல் சிடியிலேயே அக்காவின் முகம் புத்தகப் பக்கம் மாதிரி ஓரத்தில் சுருண்டு பிரிந்து போனது. மாமா ஒரு சதுரப் பெட்டியின் அடுத்த பக்கத்திலிருந்து சுழன்று வந்தார். பெரியப்பா நட்சத்திரங்களாகச் சிதறினார். நாதஸ்வரக்காரர் நடுவில் பிளந்து இரட்டைக் கதவாகத் திறந்தார். பந்தியில் ரோஜா இதழ் கொட்டியது; சாம்பாரில் விழுந்திருக்குமோ என்று கவலையாக இருந்தது. 63 நிமிடத்தில் 212 எஃபெக்ட். பி.காம். படித்தவன், எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அந்தக் காலத்தில் இதற்கு 'மிக்ஸிங்' என்று பெயர். ஸ்டுடியோ போர்டில் போட்டோ, வீடியோவுக்குப் பக்கத்தில் தனியாக எழுதியிருப்பார்கள். முதலில் வீடியோ மிக்ஸர் என்ற பெட்டி. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. சாஃப்ட்வேரோடு நூற்றுக்கணக்கில் எஃபெக்ட்டும் வந்தது. காசு கொடுத்து வாங்கியதைச் சும்மா வைத்திருப்பார்களா? ஓசியில் கிடைத்த கறிவேப்பிலையைப் பாயசத்திலும் போட்டார்கள்.

இந்த எஃபெக்ட்டுகள் மோசமான சாதி ஒன்றும் இல்லை. சினிமாவில் இவற்றுக்கு அர்த்தம் இருந்தது. திரை இருண்டு மறுபடி வெளிச்சம் வந்தால், நாள் கடந்துவிட்டது. கொசுவத்திச் சுருள் மாதிரி வட்டம் சுற்றினால் ஃப்ளாஷ்பேக். தமிழன் யாரும் டிக்ஷனரி பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு காட்சி கரைந்து இன்னொன்று மேலே எழும்புவதை இங்கிலீஷில் டிஸால்வ் என்கிறோம். பிரெஞ்சுக்காரர்கள் 'ஃபோந்து' என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள். உருகியது என்று பொருள். சொல்தா தாத்தாக்கள் பென்ஷன் வாங்கிய ஊர்க்காரன் என்பதால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. உருகுவதற்கு ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு காட்சியை அடுத்த காட்சி ஓரத்திலிருந்து துடைத்துக்கொண்டு வருவதற்கு வைப் என்று பெயர். ஜப்பானிய இயக்குநர் குரோசவா 1954-ல் 'செவன் சாமுராய்' படத்தில் அதைப் பயன்படுத்தினார். 1977-ல் ஜார்ஜ் லூகாஸ் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் பயன்படுத்தினார். இரண்டு பேருமே இடமோ நேரமோ மாறும்போது கதையை மேலே தள்ளத்தான் துடைத்தார்கள். தாலி கட்டும் கையைத் துடைக்கவில்லை.

பெரிய ஆட்களுக்கும் இந்த ஆசை வரும். ஆங் லீ 2003-ல் 'ஹல்க்' எடுத்தார். காமிக்ஸ் கட்டங்கள் மாதிரி திரையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவினார். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் நான் கட்டத்தைப் பார்த்தேனே தவிர உள்ளே இருந்த மனிதனைப் பார்க்கவில்லை. அதே ஆங் லீ 2011-ல் எங்கள் ஊருக்கு வந்து, தாவரவியல் பூங்காவில் காமிரா வைத்து, 'லைஃப் ஆஃப் பை' எடுத்தார். எடிட்டரும் அதே டிம் ஸ்க்வைர்ஸ்தான். இதிலும் காட்சிகள் ஒன்றில் ஒன்று கரைகின்றன. ஆனால் நடுக்கடலில் நாள் கணக்கு தெரியாமல் கிடக்கும் பையனுக்கு எல்லாமே அப்படித்தானே கரையும்? எஃபெக்ட் அவனுக்காக வேலை செய்கிறது. ஹல்க்கில் அது டைரக்டருக்காக வேலை செய்தது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். நம் ஊர் வீடியோவில் ஒரு விநாடிக்கு 25 ஃப்ரேம். ஒரு விநாடி எஃபெக்ட் போட்டால், போகிற காட்சியின் கடைசி 25 ஃப்ரேமையும் வருகிற காட்சியின் முதல் 25 ஃப்ரேமையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கிறார்கள். அம்பது ஃப்ரேம் இருபத்தஞ்சுக்குள் நசுங்குகிறது. இரண்டுமே முழுசாகத் தெரியாது. எஃபெக்ட்டை இலவசம் என்று நினைத்துப் போடுகிறோம். உண்மையில் இரண்டு பக்கமும் பற்று எழுதவேண்டிய சமாச்சாரம் அது. முதல் சிடியில் மட்டும் 212 விநாடி, மூன்றரை நிமிடம்.

அந்த மூன்றரை நிமிடத்தில்தான் எங்கள் அப்பா இருக்கிறார்.

அப்பாவுக்குக் காமிரா என்றால் கூச்சம். தூண் பக்கம் ஒதுங்கிவிடுவார். வீடியோ முழுக்க முதுகுதான். ஒரே ஒரு இடத்தில், தாம்பூலத் தட்டை வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் திரும்புகிறார். சிரிக்கப் போகிறார். அதற்குள் நடுவிலிருந்து ஒரு சிவப்பு இதயம் பெரிதாகிக்கொண்டே வருகிறது. அதற்குள் ஐஸ்க்ரீம் சாப்பிடும் யாரோ ஒரு குழந்தை. அப்பா காணோம். 2009-ல் அவர் போய்விட்டார். அசைகிற அப்பா எங்களிடம் வேறு எங்கேயும் இல்லை.

ஸ்டுடியோக்காரரைத் திட்டுவீர்கள். திட்டாதீர்கள். எடிட்டிங்குக்கு நான்தான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "தம்பி, இவ்ளோ போட்டா மூஞ்சியே தெரியாது"னு அவர் ரெண்டு தடவை சொன்னார். "போடுங்கண்ணே, மொட்டையா இருந்தா சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்க?" என்றேன். அந்த இதயம் என் செலக்ஷன்.

மூல டேப்பைக் கேட்டு வாங்கிவைக்கும் புத்தியும் அப்போது இல்லை. டேப் விலை கொடுத்து வாங்குகிற பொருள்; அழித்து அடுத்த கல்யாணத்துக்குப் போய்விடும்.

இன்று இதயமும் நட்சத்திரமும் ஒழிந்துவிட்டன. பதிலுக்கு, பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு மின்னல், சரக்கென்று திரும்பும் காமிரா, டிவி ரிப்பேரான மாதிரி நடுங்கும் படம். போனில் விரலால் தட்டினால் போதும். முப்பது விநாடி ரீல்ஸில் பாட்டி அரை விநாடி வருகிறார். 2003-ல் நான் செய்ததை இன்று எல்லோரும் வேகமாகச் செய்கிறார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த கல்யாணத்தில் எடிட்டரிடம் இரண்டே இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, வெட்டாத வீடியோ முழுவதையும் ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டு, அறுபது வயதைத் தாண்டிய முகம் எது வந்தாலும் எஃபெக்ட் வேண்டாம் என்று சொல்லுங்கள். மொட்டையாக இருக்கட்டும். பரவாயில்லை.

அந்த சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டு ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தேன். இதயம் தொடுவதற்கு முன்னால் அப்பா முகம் முழுசாகத் தெரிவது பதினொரு ஃப்ரேம். அரை விநாடிகூட இல்லை. பதினோராவதில் உதடு லேசாகப் பிரிகிறது. அம்மாவிடம் காட்டினேன். "சிரிக்கிறாருடா" என்றாள்.